தற்காலிகப் பல்லின் பணி நிரந்தரம்

குடிநீர் இணைப்பு அலுவலகத்தின் ஊழியர்கள் பொதுமக்களைப் பார்த்துச் சிரிப்பதில்லை என்று ஒரு புகார் வந்தது. சரியாகச் சொன்னால், குழாயில் தண்ணீர் வருவதில்லை என்றுதான் புகார் வந்தது. கேட்கப் போனால் யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்பது அதன் கடைசி வரி. தண்ணீரை வரவழைப்பது பல துறைகள் கூடிச் செய்ய வேண்டிய காரியம். முகம் ஒரே துறைக்குள் முடிந்துவிடும். ஆகவே இயக்குநர் அவர்கள் புகாரைத் தீர ஆராய்ந்து, கடைசி வரியின் மீது உடனடி நடவடிக்கை எடுத்தார்.

இயக்குநர் அப்போதுதான் ஒரு பயிற்சி முகாமுக்குப் போய்த் திரும்பியிருந்தார். எல்லா அலுவலகங்களிலும் இப்போது அதுதான் மோஸ்தர். போன வருஷம் எல்லோரும் பாய் விரித்து உட்கார்ந்து மூச்சை இழுத்து விட்டார்கள். அதற்கு முந்தைய வருஷம் சுவர்களுக்கெல்லாம் இளம்பச்சை அடித்தார்கள். இந்த வருஷம் பல்.

வாசலில் ஒரு கருவி பொருத்தப்பட்டது. அலுவலகத்துக்குள் நுழையும் ஊழியர் அதன் முன்னால் நின்று, மேல் வரிசை முன்பற்கள் ஆறும் தெரியச் சிரிக்க வேண்டும். தெரிந்தால் பச்சை விளக்கு எரியும். உள்ளிருந்து ஒரு பெண் குரல் "நல்வரவு" என்று சொல்லும். அன்றைய வருகை பதிவாகும். தெரியாவிட்டால் சிவப்பு விளக்கு எரியும். அதே குரல் "மீண்டும் மகிழவும்" என்று சொல்லும். தொடர்ந்து மகிழத் தவறுகிறவர்கள் பொதுமக்கள் கண்ணில் படாத இடத்துக்கு, அதாவது கீழ்த்தளத்தில் இருக்கும் பழைய கோப்பு அறைக்கு, நிர்வாக நலன் கருதி மாற்றப்படுவார்கள் என்று சுற்றறிக்கை சொன்னது.

திட்டத் தொடக்க விழாவில் ஆளுக்கு இரண்டு பிஸ்கட் கொடுத்தார்கள். கொள்முதல் பிரிவு உரிய நடைமுறைகளைப் பின்பற்றி வாங்கிய பிஸ்கட். நடைமுறைகள் முடிவதற்குள் அது கல்லாகியிருந்தது. இயக்குநர் "சிரிப்புக்குச் செலவில்லை" என்று பேச்சை முடித்தபோது எல்லோரும் கை தட்டினார்கள். அந்தக் கைதட்டலுக்கு நடுவில், நாலாவது வரிசையில் உட்கார்ந்திருந்த அக்காவின் வாய்க்குள் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது.

அக்கா என்பது விசாரணைக் கவுண்டரில் இருக்கும் அம்மாளின் பெயர் அல்ல. ஆனால் அவருக்கு வேறு பெயர் இருந்ததாக யாருக்கும் நினைவில்லை. பென்ஷன் வாங்குகிற கிழவர்கள்கூட அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் இருக்கைக்குப் பக்கத்தில் ஒரு ஜன்னல் உண்டு. அந்தக் கட்டடத்திலேயே திறக்க வருகிற ஜன்னல் அது ஒன்றுதான். அக்காவுக்கு இளைப்பு. தூசி ஆகாது. ஜன்னலோரம் என்பதால்தான் நாளெல்லாம் மூச்சு விட முடிந்தது. கீழ்த்தளக் கோப்பு அறைக்கு ஒரு தடவை ஏதோ காகிதம் தேடப் போனவரை, இரண்டு பேர் கைத்தாங்கலாக மேலே கொண்டுவந்து சேர்த்தார்கள். அங்கே மாற்றம் என்றால் அக்காவுக்கு அது மாற்றம் இல்லை, முடிவு.

ஆட்டம் கண்ட மேல் முன்பல்லை நாக்கால் அழுத்திப் பிடித்துக்கொண்டு அக்கா பல் டாக்டரிடம் போனார். அந்த டாக்டரம்மா நாள் முழுக்க அடுத்தவர் வாயைப் பார்த்துப் பார்த்து, பேச்சில் நயம் காட்டுவதை எப்போதோ விட்டுவிட்டவர். எக்ஸ்ரேயை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார்.

"இந்தப் பல்லுக்கு முன்னாடியே வேர் சிகிச்சை பண்ணி உறை போட்டிருக்கீங்க."

"ஆமா டாக்டர். ரொம்ப வருஷம் ஆச்சு. நல்லாத்தான் இருந்துச்சு, அந்தப் பிஸ்கட்டக் கடிக்கிற வரைக்கும்."

"பிஸ்கட்டத் திட்டாதீங்க, அது கடைசியா வந்த ஆளு. வேர் எப்பவோ நீளவாக்குல விண்டிருக்கு. அந்த விரிசல் வழியா கிருமி உள்ள போயி, சுத்தியிருக்கிற எலும்பைக் கொஞ்சம் கொஞ்சமாத் தின்னிருக்கு. இதோ கறுப்பாத் தெரியுதே, இங்க எலும்பு இருந்திருக்கணும். மேல உறை பளபளன்னு இருக்கு. அடியில பிடிப்பே இல்ல."

அக்காவுக்குத் தன் அலுவலகத்தின் ஞாபகம் வந்தது.

"பல்லைக் காப்பாத்த முடியாதா?"

"விண்ட வேரை ஒட்ட முடியாது. எடுத்துடலாம். குழியைச் சுத்தம் பண்ணி, எலும்புத் தூள் நிரப்பி, மேல மெல்லிசா ஒரு சவ்வு மூடித் தைச்சிடுவேன். அது உங்க எலும்போட சேர்ந்து கெட்டியாக நாலஞ்சு மாசம் ஆகும். அப்புறம் அதுல திருகை இறக்கி, திருகு மேல பல் கட்டலாம். இம்ப்ளான்ட்னு சொல்றாங்கல்ல, அது."

"திருகை இன்னைக்கே வெச்சுட்டா?"

"எதுல வெக்கிறது?"

அக்கா வாயைத் திறந்தார். பல் எடுக்கப்பட்டது.

மறுநாள் காலை அக்கா கருவியின் முன்னால் நின்று சிரித்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. "மீண்டும் மகிழவும்." மீண்டும் மகிழ்ந்தார். சிவப்பு. பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள்.

"அக்கா, இன்னும் கொஞ்சம் மனசாரச் சிரிங்க!"

"மனசு இருக்குப்பா. பல்லுதான் இல்ல."

தலைமை எழுத்தர் வந்து அவரை ஓரமாக அழைத்துப் போனார். அவரை எல்லோரும் 'விதி அண்ணன்' என்பார்கள். எதற்கும் ஒரு விதி வைத்திருப்பார். அக்காவைவிடப் பத்து வயது மூத்தவர், அக்கா என்றுதான் கூப்பிடுவார். அக்கா அவரை அண்ணே என்பார். உறவுமுறையை யாரும் நேர் செய்ய முயன்றதில்லை.

"அக்கா, பயப்படாதீங்க. பல்லுக்குன்னு நம்ம விதிப் புத்தகத்துல ஒண்ணும் இல்ல. ஆனா இருந்த ஒண்ணு இல்லாமப் போனா அந்த இடத்துக்கு என்ன பேரு?"

"ஓட்டை."

"காலியிடம்! காலியிடத்துக்கு ஒரு அத்தியாயமே இருக்கு. அதுல கொண்டுபோய் உட்கார வெச்சிடலாம். எலும்பு கெட்டியாகற வரைக்கும் நீங்க ஜன்னலை விட்டு நகர வேண்டாம்."

விதி அண்ணன் நல்ல எண்ணத்தில்தான் செய்தார். இந்தக் கதையில் வருகிற எல்லோருமே நல்ல எண்ணத்தில்தான் செய்தார்கள். அதுதான் இதில் உள்ள தொந்தரவு.

நிர்வாகப் பிரிவிலிருந்து வந்த பதில் மரியாதையாக இருந்தது. மேற்படி காலியிடம் உண்மையில் தேவைதானா என்று அது கேட்டது. முன்பு அவ்விடத்தில் இருந்த பல் செய்துவந்த பணியை, அருகிலுள்ள பற்களுக்குப் பகிர்ந்தளிக்க இயலுமா என்று கேட்டது. இம்ப்ளான்ட் வைத்து நிரப்ப அனுமதிக்கப்படும் அப்பணியிடம் குறிப்பிட்ட காலத்துக்குள் நிரப்பப்படாவிட்டால் தானாகவே ரத்தாகிவிடும் என்றும், ரத்தானபின் அந்த ஊழியர் நிரந்தரமாகக் குறைந்த பற்களை உடையவராகக் கருதப்பட்டுக் கீழ்த்தளத்துக்கு அனுப்பப்படுவார் என்றும் நினைவூட்டியது. இடைப்பட்ட காலத்தில் பொதுமக்கள் சேவை பாதிக்காதவாறு, புன்னகையின் கூடுதல் பொறுப்பை வேறொரு ஊழியர் கவனிக்க ஆணையிட்டது.

அப்படித்தான் கணக்குப் பிரிவிலிருந்து 'முத்துச்சரம்' வந்து சேர்ந்தான். வாய் நிறையப் பல் உள்ளவன் என்பதால் அந்தப் பட்டப்பெயர். அவனுக்கு அக்காவின் பக்கத்தில் ஒரு நாற்காலி போடப்பட்டது. அக்கா பேசுவார், அவன் சிரிப்பான். பணிப் பங்கீடு தெளிவாக இருந்தது.

முதலில் வந்தவர் ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். தினமும் வருகிறவர்.

"எங்க தெருவுல தண்ணி வந்து ஒரு வாரம் ஆச்சுக்கா. பேத்திக்குப் பள்ளிக்கூடம் போக முகம் கழுவத் தண்ணி இல்ல."

"வால்வு பழுதுங்க ஐயா. சாமான் வரலை," என்றார் அக்கா வருத்தமாக.

முத்துச்சரம் சிரித்தான்.

பெரியவர் அவனைப் பார்த்தார். "தம்பி எதுக்குச் சிரிக்கிறாரு?"

"அவர் எனக்காகச் சிரிக்கிறாருங்க."

"என் பேத்தி முகம் கழுவாமப் போறது உங்களுக்குச் சிரிப்பா இருக்கா?"

"எனக்கு இல்லீங்க ஐயா. ஆர்டர்ல இருக்கு."

முத்துச்சரம் இன்னும் அகலமாகச் சிரித்தான். சங்கடம் வந்தால் அவனுக்குச் சிரிப்பு கூடும், இயல்பு. அன்று மத்தியானத்துக்குள் மூன்று பேர் அவன் சட்டையைப் பிடித்தார்கள். சாவு வீட்டுக்குத் தண்ணீர் லாரி கேட்டு வந்த ஒருவர் நான்காவதாக வந்து, சட்டையோடு நிற்கவில்லை. கூடுதல் பொறுப்பிலிருந்து தன்னை விடுவிக்கும்படி முத்துச்சரம் எழுதிக் கொடுத்துவிட்டு, வீங்கிய கன்னத்தோடு விடுப்பில் போனான்.

விஷயம் இயக்குநர் வரைக்கும் போயிற்று. தாமதம் என்பது அவருக்குப் பிடிக்காத சொல். நேரடியாகப் பல் டாக்டருக்கே போன் செய்தார்.

"என்னம்மா இது, ஒரு பல்லுக்கு இத்தனை மாசமா? நீங்க திருகை முதல்ல வெச்சிடுங்க. எலும்பு பின்னாடி வந்து சேர்ந்துக்கட்டும்."

"அப்படி வராதுங்க."

"ஏன் வராது? நாங்க குழாய் இணைப்பு அப்படித்தானே குடுக்கறோம். முதல்ல குழாய். தண்ணி பின்னாடி வரும்."

"வந்துச்சா?"

இயக்குநர் கொஞ்சம் தொண்டையைச் செருமினார். "அது வேற துறை."

டாக்டரம்மா போனை வைத்துவிட்டு, அக்காவுக்குக் கழற்றி மாட்டுகிற பல் ஒன்று செய்துகொடுத்தார். இளஞ்சிவப்பு மேலண்ணத் தகட்டில் ஒற்றைப் பல்.

"இது தற்காலிகந்தான். புண் மேல அழுத்தாத மாதிரி செஞ்சிருக்கேன். சாப்பிடும்போதும் தூங்கும்போதும் கழட்டிடணும். இதால எதையும் கடிச்சீங்கன்னா நான் போட்ட எலும்பு பாழ். பேசவும் சிரிக்கவும் மட்டுந்தான் இது."

"எங்க ஆபீஸ்ல வேற வேலை இல்ல டாக்டர்."

பச்சை விளக்கு எரிந்தது. "நல்வரவு." வரிசையே கை தட்டியது. அக்கா ஜன்னலைத் திறந்துவிட்டு ஒரு நல்ல மூச்சு இழுத்தார். மத்தியானம் சாப்பிடும்போது பல்லைக் கழற்றி ஒரு சின்ன டப்பாவில் தண்ணீரில் போட்டுவைப்பார். சாப்பிட்டு வாய் கொப்பளித்துவிட்டு மறுபடி மாட்டுவார். வீட்டில் அவர் கணவர், லிஃப்ட் பழுது பார்க்கிறவர், அந்த டப்பாவைப் பார்த்துச் சொன்னார்: "நான் முப்பது வருஷமாச் சொல்லியும் உன் குரல் ஒரு தளம் இறங்கினது இல்ல. இந்தப் பல்லு தினம் ரெண்டு வேளை இறங்குதே." அக்கா பல் இல்லாமலே நன்றாகத் திட்டினார்.

கதை இங்கே சுபமாக முடிந்திருக்க வேண்டும். ஊழியர் சங்கத் தலைவர் அக்காவின் மேஜைக்கு ஒரு நாள் தற்செயலாக வந்திராவிட்டால் முடிந்திருக்கும்.

"இது என்னக்கா டப்பாவுல?"

"தற்காலிகப் பல்லு தலைவரே."

தலைவரின் முகம் மாறியது. தற்காலிகம் என்ற சொல்லைக் கேட்டால் அவருக்கு முஷ்டி தானாகவே மடங்கும். "எத்தனை நாளா வேலை பார்க்குது?"

"மழைக்கு முன்னாடியிருந்து."

"இடைவெளி இல்லாமலா?"

"சாப்பாட்டு நேரம் தவிர."

"சாப்பாட்டு நேரம் சட்டப்படி பணி நேரம்தான்!" என்று தலைவர் டப்பாவைத் தூக்கிப் பிடித்தார். "இத்தனை நாளா வாசல்ல இந்த அலுவலகத்தோட மானத்தைக் காப்பாத்துறது இதுதானே? இதுக்கு ஒரு நியமன ஆணை உண்டா? ஓய்வூதியம் உண்டா?"

"தலைவரே, நம்ம ஆபீஸ்ல ஆளுங்களே பாதிப் பேர் பத்துப் பன்னெண்டு வருஷமாத் தற்காலிகமா இருக்காங்களே. அவங்களுக்குக் கேக்கக் கூடாதா?"

தலைவர் குரலைத் தாழ்த்தினார். "அக்கா, மனுஷங்களுக்குக் கேட்டா நிதி இல்லைம்பான். பல்லுக்கு நிதியே தேவையில்ல. சங்கம் ஒரு கோரிக்கையில ஜெயிச்சு ரொம்ப நாளாச்சு. ஜெயிக்கிற மாதிரி ஒண்ணு வேணும்."

வாயில் முழக்கம் நடந்தது. "உழைக்கும் பல்லை வஞ்சிக்காதே! நிரந்தரம் செய், நிரந்தரம் செய்!" அக்காவை முன் வரிசையில் நிறுத்தி, வாயைத் திறந்து காட்டச் சொன்னார்கள். மாலைக்குள் பேச்சுவார்த்தைக்கு அழைப்பு வந்தது. கோரிக்கையைப் படித்த இயக்குநருக்கு, தன் பணிக்காலத்தில் முதல்முறையாக, செலவில்லாமல் ஏற்றுக்கொள்ளக்கூடிய ஒரு கோரிக்கை கையில் கிடைத்தது. மனிதாபிமான அடிப்படையில் தற்காலிகப் பல்லைப் பணி நிரந்தரம் செய்து ஆணை பிறப்பித்தார். தலைவருக்குச் சால்வை போட்டார்கள். மண்டபத்தைப் பெருக்குகிற, தற்காலிக வேலையிலேயே தலை நரைத்த அம்மாளும் கை தட்டினார். தட்டிக்கொண்டே, "நமக்கு அப்புறம் வந்ததுதானே இது?" என்று பக்கத்தில் கேட்டார். கைதட்டலில் அது யார் காதிலும் விழவில்லை.

அக்கா டாக்டரிடம் போனபோது எலும்பு தயாராகியிருந்தது. புது எக்ஸ்ரேயில், கறுப்பாக இருந்த இடம் வெளுத்திருந்தது.

"அருமையாப் பிடிச்சிருக்கு," என்றார் டாக்டரம்மா. அவர் எதையும் அருமை என்று சொல்லி அக்கா கேட்டதில்லை. "நாளைக்கே திருகு வெச்சிடலாம்."

"எப்படி டாக்டர் இது மட்டும் நேரத்துக்கு நடந்துச்சு?"

"எலும்புக்கு யாரும் கடுதாசி எழுதலை. அது பாட்டுக்கு வளர்ந்திருக்கு."

அக்கா மகிழ்ச்சியாக விதி அண்ணனிடம் வந்து விடுப்பு கேட்டார். விதி அண்ணன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"அக்கா, சிக்கல். இம்ப்ளான்டுக்கு நமக்குக் கிடைச்ச அனுமதி காலியிடத்துக்கு. இப்ப காலியிடம் எங்க இருக்கு? நிரப்பியாச்சே. நிரந்தரமா."

"அண்ணே, அது கழட்டி மாட்டுற பல்லு!"

"நேத்து வரைக்கும். இன்னைக்கு அது அரசு ஊழியர். நீங்களா கழட்டித் தூக்கி எறிஞ்சீங்கன்னா, விசாரணை இல்லாம ஒரு நிரந்தர ஊழியரை வேலையை விட்டு நீக்கின குத்தம் உங்க மேல வரும். அடுத்த நாளே கோப்பு அறை."

அக்கா மறுபடி டாக்டரிடம் ஓடினார். "கொஞ்ச நாள் பொறுக்கலாமா டாக்டர்?"

"ரொம்பப் பொறுத்தீங்கன்னா போச்சு. எலும்புக்கு வேலை குடுக்கணும். வேலை இல்லாம சும்மாவே இருந்தா மறுபடியும் கரைய ஆரம்பிச்சிடும்."

"சும்மா இருந்தாக் கரையுமா? எங்க ஆபீஸ்ல யாரும் கரையலையே!"

சொல்லிவிட்டு அக்கா சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. வாய்க்குள் தன் பாட்டுக்கு வளர்ந்த அந்தக் கொஞ்சம் எலும்பு, ஒரு காகிதத்துக்காகக் காத்திருந்து கரையப்போகிறது. பல்லைக் கழற்றினால் தூசியில் மூச்சு போகும். கழற்றாவிட்டால் எலும்பு போகும். அன்றிரவு சோறு இறங்கவில்லை. அவர் கணவர் டப்பாவைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னார்: "ஆள நீக்குறதுக்கு உங்க ஆபீஸ்ல வழியே இல்லையா? எங்க கம்பெனில ஒரே நாள்ல நீக்குவாங்களே."

அந்தக் கேள்வியை அக்கா விதி அண்ணனிடம் அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தார். விதி அண்ணனின் கண்கள் பிரகாசித்தன.

"இருக்கு. ஒழுங்கு நடவடிக்கை. அது ஏதாவது தப்புப் பண்ணியிருக்கணும்."

"பல்லு என்னண்ணே தப்புப் பண்ணும்?"

"தினமும் மத்தியானம் பணியிடத்தை விட்டுட்டுத் தண்ணியில கிடக்குதுல்ல? யார் அனுமதி குடுத்தது?"

குற்றச்சாட்டுக் குறிப்பாணை தயாரானது. பணி நேரத்தில் முன்னனுமதி இன்றிப் பணியிடத்தை விட்டு வெளியேறியது. வெளியேறிய நேரத்தில் டப்பாவுக்குள் மூழ்கியிருந்தது. மேலும், பேச்சின் நடுவே இரு முறை தன் நிலையிலிருந்து பிறழ்ந்து மேலதிகாரியைத் திடுக்கிடச் செய்தது. கொள்முதல் பிரிவின் தலைவர், பிஸ்கட் வாங்கியவர்தான், விசாரணை அதிகாரியாக நியமிக்கப்பட்டார். பல் ஒரு தட்டில் வைக்கப்பட்டு மேஜைமேல் கொண்டுவரப்பட்டது. அதன் சார்பில் சங்கத் தலைவர் ஆஜரானார்.

விசாரணை அதிகாரி தட்டைப் பார்த்துக் கேட்டார்: "உம்மீது சாட்டப்பட்ட குற்றங்களை ஒப்புக்கொள்கிறீரா?"

மின்விசிறி சுற்றியது.

"பதில் அளிக்க மறுக்கிறார் என்று பதிவு செய்யவும்."

"ஆட்சேபிக்கிறேன்!" என்று எழுந்தார் சங்கத் தலைவர். "என் கட்சிக்காரர் மிரட்டப்பட்ட நிலையில் இருக்கிறார். பாருங்க, எப்படி வெளுத்துப்போயிருக்கார்!"

"அவர் வந்தப்பவே வெள்ளையாத்தான் இருந்தாரு," என்றார் சாட்சியாக நின்ற அக்கா.

விளக்கம் அளிக்கப் பல்லுக்கு அவகாசம் தரப்பட்டது. அவகாசம் முடிந்தும் அது வாய் திறக்கவில்லை. அலட்சியப் போக்கு கூடுதல் குற்றமாகச் சேர்க்கப்பட்டு, பல் பணியிலிருந்து நீக்கப்பட்டது. அக்கா அந்த ஆணையைக் கையில் வாங்கிய கையோடு டாக்டரிடம் போய் நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தார்.

திருகு நன்றாகப் பிடித்தது. அதன் மேல் டாக்டரம்மா லேசான ஒரு பல்லை அன்றைக்கே பொருத்திவிட்டார். "முழுசா ஒட்டுற வரைக்கும் இதால கடிக்கக் கூடாது. அப்புறம் நிஜப் பல் கட்டிடலாம். அதுவரைக்கும் சிரிக்க மட்டும்."

"தெரியும் டாக்டர். பழக்கந்தான்."

மறுநாள் பச்சை விளக்கு. "நல்வரவு." ஜன்னல். மூச்சு.

இதோடாவது முடிந்ததா என்றால், சங்கத் தலைவர் தோல்வியை ஒப்புக்கொள்கிறவர் அல்ல. வழக்குப் போட்டார். பேச இயலாத ஊழியரிடம் எழுத்துமூலம் விளக்கம் கேட்டிருக்க வேண்டும், வாய்மொழியாகக் கேட்டது இயற்கை நீதிக்கு விரோதம் என்று வாதாடினார். தீர்ப்பாயம் ஏற்றுக்கொண்டது. பல்லை மீண்டும் பணியில் அமர்த்த உத்தரவிட்டது. அக்காவின் வாயில் இப்போது இடம் இல்லாததால், அந்த அலுவலகத்தில் அடுத்து ஏற்படும் முதல் காலியிடத்தில், அது யாருடைய வாயாக இருந்தாலும், மேற்படி பல்லை நியமிக்க வேண்டும். அதுவரை பல் கட்டாயக் காத்திருப்பில் வைக்கப்படும். இயக்குநர் ஏற்றுக் கையெழுத்திட்டார். பல் அவருடைய அலமாரியில், டப்பாவோடு, காத்திருக்கத் தொடங்கியது.

மறுநாள் காலை வாசலில் ஒரு அதிசயம் நடந்தது. வரிசையில் நின்றவர்கள் ஒவ்வொருவராகக் கருவி முன்னால் வந்தார்கள். உதட்டை இறுக்கி மூடியபடியே உள்ளே போனார்கள். முத்துச்சரம்கூட, நாலாவது ஆள் கொடுத்த அடியில் ஆடத் தொடங்கியிருந்த பல்லை நினைத்து, வாயைக் கையால் பொத்திக்கொண்டு போனான். சங்கத் தலைவர் கடைவாயில் ஒன்று முன்பே இல்லாதவர். முழக்கத்தையே மூக்கால் போட ஆரம்பித்தார். கருவி மட்டும் நாள் முழுக்க, "மீண்டும் மகிழவும், மீண்டும் மகிழவும்" என்று கதறிக்கொண்டிருந்தது.

திட்டத்தின் முதலாண்டு நிறைவு விழாவில் மீதியிருந்த அதே பிஸ்கட்டைக் கொடுத்தார்கள். யாரும் தொடவில்லை. இயக்குநர் முன்மாதிரியாக இருக்க வேண்டியவர் என்பதால் ஒன்றைக் கடித்தார். 'டக்' என்ற சத்தத்தை முதல் வரிசை கேட்டது. முதல் வரிசை எதையும் கேட்காததுபோல உட்கார்ந்திருந்தது. அன்றிலிருந்து இயக்குநர் தலையசைப்பால் மட்டுமே நிர்வாகம் செய்கிறார். அலமாரியைத் திறக்க யாரையும் விடுவதில்லை.

கருவியின் பதிவுப்படி அந்த அலுவலகத்துக்கு இப்போது தினமும் வருகிறவர் அக்கா ஒருவர்தான். மற்ற அத்தனை பேரும் மாதக்கணக்கில் வரவில்லை. அத்தனை பேரையும் கீழ்த்தளத்துக்கு அனுப்பலாம் என்றால், அனுப்பும் ஆணையில் கையெழுத்திட வேண்டியவரும் வரவில்லை. வேலையில் எந்த வித்தியாசமும் தெரியாததால் மேலிடத்திலிருந்து இதுவரை யாரும் கேட்கவில்லை.

போன வாரம் அந்த ஓய்வு பெற்ற பெரியவர் மறுபடி கவுண்டருக்கு வந்தார்.

"தண்ணி எப்பக்கா வரும்?"

"சாமான் வரலீங்க ஐயா," என்றார் அக்கா. இந்த முறை தன் சொந்தச் சிரிப்போடு, ஆறு பல்லும் தெரிய.

பெரியவர் கோபப்படவில்லை. துண்டால் வாயை மூடிக்கொண்டு, கவுண்டர் மேல் குனிந்து, மெல்லக் கேட்டார்.

"அக்கா, அது இருக்கட்டும். ஆபீஸ்ல இடம் அமையலைன்னா அந்தப் பல்லைப் பொதுமக்கள்ல யாருக்காவது போட்டுடலாம்னு திருத்தம் வரப்போகுதாமே? நெஜமா?"

பெரியவருக்குப் பின்னால் நீண்டிருந்த வரிசை முழுவதும் வாயை மூடிக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்தது. தண்ணீரைப் பற்றி அன்று வேறு யாரும் கேட்கவில்லை.

திருத்தம் வந்துவிட்டது. வாசகர்கள் இதைப் படிக்கும்போதே நாக்கால் ஒரு சுற்றுத் தடவிப் பார்த்திருப்பார்கள். எங்காவது இடம் தட்டுப்பட்டிருந்தால் வெளியில் சொல்ல வேண்டாம்.